கூடம் ஏழில் உயர்வு

கூடம் 7, கண்ணாடி ஆலை. குறிப்புப் பகுதி.
இரண்டாம் அளவை மாதம், நாள் 2. 23:10

உள்ளே வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று. காற்று இருக்கிறது, தூசி மணக்கிறது. உலை அணைந்து கிடக்கிறது. கூரையில் குண்டு துளைத்த இடத்தில் போட்ட ஒட்டு தாங்குகிறது. வாசல் கணிப்பொறி ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் வருகிறது.

பதிவு எழுதும் முறையைப் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். முதலில் இடம், பிறகு நிலைமை, பிறகு எழுதுபவர். என் பெயர் முப்பிடாதி. ஒன்பதாம் வகுப்பு. செவ்வாய்க் கோளில் கீழக்கரிசல் ஊர். இதைத் திறக்கிறவர் யாராக இருந்தாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஊரடங்கு மணிக்குப் பிறகு நான் இங்கே இருப்பது குற்றம். பிடித்தால் வீட்டுத் தண்ணீரைப் பாதியாக்குவார்கள். ரோந்து விளக்கு தாண்டும்போதெல்லாம் திரையைத் துப்பட்டாவால் மூடிக்கொள்கிறேன்.

அப்பாவின் அடையாளத் தகட்டைக் காட்டிக் கதவைத் திறந்தேன். அப்பா சுடலைமணி இந்த உலையில் வேலை பார்த்தவர். போரின் கடைசி வாரத்தில் இதே கூடத்தில் இறந்தார். தகட்டைக் கணிப்பொறி இன்னும் ஏற்றுக்கொள்கிறது. அதனிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

பள்ளி மின்பலகையில் எழுதினால் பட்டாளம் படிக்கும். இங்கே மாத அறிக்கைக்கு அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எவ்வளவு எழுதினாலும் இடம் தீருவதில்லை. திரையின் வலது ஓரத்தில் ஒரு எண். எழுதினால் ஏறுகிறது. தப்பாக எழுதியதை அழித்தால் இறங்குகிறது. எதற்கென்று தெரியவில்லை.

எழுத வந்த காரணம், நேற்று ஒலிபெருக்கியில் கேட்டது:

"வளையத்தின் அளவை மையத்திலிருந்து. கீழக்கரிசலின் முதல் மாதச் செயல்பாட்டுச் சுட்டெண் ஐம்பது. ஊர் நிலையாக உள்ளது. வாழ்த்துகள்."

கோளுக்கு மேலே சுற்றுகிற வளையக் குடியிருப்பிலிருந்துதான் குண்டு வந்தது, ஊரில் நிற்கும் பட்டாளமும் வந்தது. இப்போது அங்கிருந்தே வாழ்த்தும் வருகிறது.

இரண்டாம் மாதம், நாள் 5. 22:55

சுட்டெண் என்றால் என்னவென்று இன்று வகுப்பில் விளக்கினார்கள். எழுதி வைக்கிறேன். கோபத்தில் மறந்துவிடக் கூடாது.

ஊரில் பன்னிரண்டு ஆலைக் கூடங்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கணிப்பொறி. மாதக் கடைசியில் அது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்: போன மாதத்தைவிட இங்கே வேலை கூடியதா, குறைந்ததா, மாற்றமில்லையா? மனிதரைக் கேட்டால் பொய் சொல்வார்களாம். அதனால் ஆள் வந்ததையும் வேலை நடந்ததையும் பார்த்துக் கணிப்பொறியே பதில் போடுகிறது. உயர்வு என்றால் ஒரு மதிப்பெண். மாற்றமில்லை என்றால் அரை. குறைவு என்றால் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கூட்டி நூற்றுக்கு மாற்றினால் ஊரின் எண்.

என் பக்கத்தில் உட்காரும் ஜெரோசா எழுந்தாள். "டீச்சர், இடிஞ்ச கூடம்?"

"அதுவும் பதில் சொல்லும்."

"என்னன்னு சொல்லும்?"

டீச்சர் கதவோரம் நின்ற பட்டாளத்துக்காரரை ஒருமுறை பார்த்தார். "மாற்றமில்லைன்னு சொல்லும். உட்காரு."

ஜெரோசா என் காதுக்குள் குனிந்தாள். "ஏட்டி முப்பி, எங்க தாத்தா கல்லறைல ஒரு மிஷின வச்சா அவரும் நெலையாத்தான் இருப்பாரு."

சிரித்துவிட்டேன். இரண்டு பேரையும் முட்டி போட வைத்தார்கள்.

முட்டி போட்டபடியே கணக்குப் போட்டேன். ஓடுவது பம்புப் பட்டறையும் பாசித் தொட்டியும் மட்டும். மற்ற பத்தும் செத்துக் கிடக்கின்றன. போன மாதமும் செத்துக் கிடந்தன, இந்த மாதமும் செத்துக் கிடக்கின்றன. மாற்றமில்லை. பத்து அரை. ஓடுகிற இரண்டும் அதே அளவு ஓடினால் இன்னும் இரண்டு அரை. பன்னிரண்டுக்கு ஆறு. நூற்றுக்கு ஐம்பது.

ஊரே செத்தாலும் ஐம்பதுதான். கடைசி ஆள் போய் ஒரு மாதம் கழிந்தால் மறுபடியும் ஐம்பது வரும். யாருமில்லாத தெருவில் ஒலிபெருக்கி வாழ்த்துச் சொல்லும்.

இரண்டாம் மாதம், நாள் 11. 23:30

அம்மா பம்புப் பட்டறையில் வேலை பார்க்கிறாள். இருபது வருடத் தூசி நெஞ்சில் இருக்கிறது. மூச்சுப்பெட்டி போட்டால்தான் தூக்கம். பெட்டிக்குள் ஒரு வடிகட்டி உண்டு. அது அடைத்துப்போனால் பெட்டி வெறும் தகரம். ஊரில் பெட்டி இல்லாமல் தூங்கும் பெரியவர்கள் குறைவு. வடிகட்டி செய்த கூடம் ஒன்பதின் மேல்தான் முதல் குண்டு விழுந்தது. இப்போது நிவாரணக் கப்பலில் வந்தால்தான் உண்டு. அம்மாவிடம் மிச்சமிருப்பது அடுத்த மாதக் கடைசி வரை வரும். அடுத்த கப்பலும் அப்போதுதான்.

இன்று மாலை அறிவிப்பு:

"சுட்டெண் மூன்று மாதம் ஐம்பதுக்குக் கீழே இறங்காமல் நின்றால் கீழக்கரிசல் 'எழுந்த ஊர்' எனப் பதியப்படும். எழுந்த ஊருக்கு நிவாரணக் கப்பல் தேவையில்லை. படைக்காவலும் விலக்கிக்கொள்ளப்படும்."

வேதமுத்து அண்ணாச்சி தெருவில் நின்று கைதட்டினார். அவர் எங்கள் ஊர்க்காரர்தான். வளையத்தார் அவரை ஊர்ப் பொறுப்பாளராக வைத்திருக்கிறார்கள்.

அம்மா கேட்டாள்: "கப்பல் வரலன்னா பெட்டிக்கு என்ன செய்ய அண்ணாச்சி?"

"எந்திச்ச ஊருக்கு எதுக்கு சிவனம்மா பெட்டி?"

"எந்திச்ச பெறவும் இருமணும்லா."

தெருவே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன், பம்பை இந்த மாதம் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் எண் இறங்கிவிடுமே என்று. "கொறைச்சா பாசி காயும்," என்றாள். "பாசி காஞ்சா எதத் திம்ப? அந்த மிஷினையா?"

ஓடுவதைக் குறைக்க முடியாது. செத்தது மறுபடி சாக முடியாது. இந்த எண் இறங்குவதற்கு வழியே வைக்கவில்லை. வழி வைக்காமல் கணக்குப் போட்டவன் எவன்? அவன் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறான்? அவனுக்கு இருமல் உண்டா?

ஒன்று மட்டும் தெரிகிறது. இந்தக் குறிப்புக் கட்டம் அறிக்கையோடு சேர்ந்து மையத்துக்குப் போகிறது. அங்கே யாராவது வாசிப்பார்கள். இனி தினமும் எழுதுவேன்.

இரண்டாம் மாதம், நாள் 19. 23:05

மையத்தாருக்கு.

கூடம் மூன்று உங்கள் கணக்கில் 'மாற்றமில்லை'. அது நூற்பாலை. அதில் இப்போது இறந்தவர்களை வைத்திருக்கிறோம். நிலம் உறைந்திருப்பதால் தோண்ட முடியவில்லை. நூல் சுற்றுகிற தட்டுகள் நீளமாக, வசதியாக இருக்கின்றன.

கூடம் ஐந்து, 'மாற்றமில்லை'. அங்கே சக்கரம் வார்த்தார்கள். உள்ளே போகும் வழி இல்லாததால் என்ன இருக்கிறது என்று தெரியாது. முதல் பத்து நாள் உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டதாம். பிறகு கேட்கவில்லை. இதுதான் நீங்கள் தேடுகிற மாற்றம். உங்கள் அளவை தொடங்கும் முன்பே நடந்துவிட்டது. மன்னிக்கவும்.

கூடம் ஏழு, நான் உட்கார்ந்திருப்பது. அப்பா உலை வாயில் நின்று என்னைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். உருகிய கண்ணாடி பாகு மாதிரி இருந்தது. நக்கிப் பார்க்கவா என்று கேட்டேனாம்.

இரண்டாம் மாதம், நாள் 24. 23:50

வாசிக்கிறீர்களா?

தினமும் எழுதுகிறேன். கை மரத்துப்போகிறது. பதிலில்லை. இன்று ஆத்திரத்தில் ஒரே எழுத்தை வரிவரியாக அழுத்தினேன், கத்துவது போல. ஓரத்து எண் அசையவே இல்லை. சொல்லாக எழுதினால்தான் ஏறுகிறது. கத்துவதையும் ஒழுங்காகக் கத்த வேண்டுமாம்.

சரி, ஒழுங்காக எழுதுகிறேன். நீங்கள் கொன்றீர்கள். கொன்றதை எண்ணவில்லை. கொன்ற பிறகு எண்ண ஆரம்பித்தீர்கள். குழிக்குள் தள்ளிவிட்டு, குழியின் அடியிலிருந்து அளந்து, இதற்குக் கீழே போகவில்லை என்கிறீர்கள். என் அம்மா இரவில் இருமும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், என் பங்குக் காற்று அவளுக்குப் போகட்டும் என்று. அது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். உங்கள் எண்ணைவிடக் குறைந்த முட்டாள்தனம்.

ரோந்து. நிறுத்துகிறேன்.

மூன்றாம் மாதம், நாள் 1. 23:15

இதை எழுதவே கூடாது. இது ஒன்று மட்டும்.

மாலையில் ஒலிபெருக்கி:

"இரண்டாம் மாதச் சுட்டெண் ஐம்பத்து நான்கு. கீழக்கரிசல் வளர்கிறது. வளர்ச்சி கண்ட கூடம்: ஏழு. அங்கே ஒரு தொழிலாளி பணிக்குத் திரும்பியுள்ளார். பெயர், சுடலைமணி. அவருக்கு மையத்தின் பாராட்டு."

அம்மா பாசிக்கூழைத் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. கூழ் வழிந்து தரையில் ஓடியது. ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அப்பா தகடு எங்கட்டி?"

எடுத்துக் கொடுத்தேன். அறைவாள் என்று நினைத்தேன். தகட்டை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "செத்த மனுசனையும் வேலைக்கு வச்சிட்டானுவளே," என்றாள். அவள் தூங்கிய பிறகு தகட்டை மறுபடி எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

வெளியே அண்ணாச்சி பாசிவெல்லம் வழங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் குதித்தார்கள். ஐம்பத்து நான்கு!

நான்தான். அந்த ஓரத்து எண் நான் செய்த வேலையின் அளவு. போன மாதத்துக்கு முன் இங்கே எதுவும் இல்லை. போன மாதம் என் எழுத்து இருந்தது. உயர்வு. நான் எழுதியதை யாரும் வாசிக்கவில்லை. எத்தனை சொல் என்று மட்டும் எண்ணினார்கள். கூடம் மூன்றில் பிணம் கிடக்கிறது என்று எழுதினேன், அது உற்பத்தி. நீங்கள் கொன்றீர்கள் என்று எழுதினேன், அது வளர்ச்சி. எவ்வளவு கோபமோ அவ்வளவு வளர்ச்சி.

ஆனால் இதைத் திருப்பிப் போட்டால் ஒன்று வருகிறது. இந்த மாதம் நான் எழுதாமல் இருந்தால் கூடம் ஏழு குறையும். அரை மதிப்பெண்ணும் போய்விடும். ஊரின் எண் நாற்பத்தாறு. கப்பல் வரும்.

ஊரில் விழக்கூடியது என் எழுத்து ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏற்கெனவே விழுந்துவிட்டது.

இனி வரமாட்டேன்.

மூன்றாம் மாதம், நாள் 6. 22:40
பதிவு அழிக்கப்பட்டது.

மூன்றாம் மாதம், நாள் 7. 22:40
பதிவு அழிக்கப்பட்டது.

மூன்றாம் மாதம், நாள் 8 முதல் கடைசி நாள் வரை
பதிவுகள் அழிக்கப்பட்டன.

மூன்றாம் மாதம், கடைசி நாள். 23:20

மேலே இருந்தவற்றை இப்போதுதான் அழித்து முடித்தேன். என்ன நடந்தது என்று சுருக்கமாக.

ஆறாம் நாள் வேதமுத்து அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "சுடலைமணியத் தூக்கிட்டுப் போய் மூணாம் கூடத்துல கெடத்துனதே நான்தான்ட்டி. அவன் எப்பிடி வேலைக்கு வருவான்?"

அவர் திட்டவில்லை.

"பயப்படாத. நல்ல காரியந்தான் செஞ்சிருக்க. இன்னும் எழுது. போன மாசத்தவிடக் கூட எழுது."

"என்னத்த எழுத அண்ணாச்சி?"

"என்னமும் எழுது. குறிப்ப அங்கன ஒரு பய வாசிக்க மாட்டான். ஒரு கூடம் எறங்குனாத்தான் காரணம் கேப்பான். அத மட்டுந்தான் ஆளு ஒக்காந்து வாசிப்பான். ஏறுனா எவனும் கேக்கமாட்டான்."

நீங்களே எழுதலாமே என்றேன். "எனக்கு எழுத என்ன கெடக்கு? நாலு வரில முடிஞ்சிரும். ஒங்கிட்டதான் கோவம் கெடக்கு, மலையா."

ஏன் என்று அம்மா கேட்டாள். "என் ரெண்டு பிள்ளையளையும் சுட்டவன் என் தெருவுலதான் ரோந்து போறான் சிவனம்மா. காலைல எனக்கு வணக்கம் சொல்லுதான். ஊரு எந்திச்சிட்டா அவன் போயிருவான். எனக்கு அது போதும்."

பிறகு அவர் மடியிலிருந்து புது வடிகட்டி ஒன்றை எடுத்து அம்மா முன்னால் வைத்தார். எழுதினால் இது, எழுதாவிட்டால் ஊரடங்கை மீறிய குற்றம். அவர் போன பிறகு நான் அழுதேன். அம்மா வடிகட்டியைக் கையில் வைத்து எடை பார்த்தாள்.

"எழுதுனத அழிச்சா எண்ணு எறங்கும்னியே, நெசந்தானா?"

ஆமாம் என்றேன்.

"அப்பம் எழுது. கடைசி ராத்திரி அழிச்சிரு. இத நாம வச்சிக்கிடுவோம். தெருவுல எல்லாத்துக்கும் கப்பல்ல வரட்டும்."

தினமும் எழுதினேன். அண்ணாச்சி எனக்குப் பின்னால் வறுத்த பாசியை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். ஓரத்து எண்ணைப் பார்ப்பார், எழுத்தைப் பார்க்கமாட்டார். அவரைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினேன். அவர் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதினேன். அந்தப் பக்கத்தை அழிக்கும்போது மட்டும் கை நின்றது.

இன்று பத்து மணிக்கு எண்ணைப் பார்த்து, என் தலையில் கை வைத்து, முடிவை ஒலிபெருக்கியில் வாசிக்கப் போய்விட்டார். மூன்று மாதம் முடிகிறதென்பதால் இந்த முறை நள்ளிரவிலேயே அவர் வாசிப்பார். அவர் வாய் திறந்து நாற்பத்தாறு என்று சொல்லும். பிறகு இங்கே வருவார்.

போன மாத எண் மேலே நிற்கிறது, இந்த மாத எண் கீழே. இடையில் மிச்சமிருக்கும் இடத்தில்தான் இதை எழுதுகிறேன். இந்த மாதம் முதல் நாள் எழுதியதையும் இதையும் அழிக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் அழித்தால் நாங்கள் இருந்ததற்கு என்ன இருக்கும்? இன்னும் சில வரிதான் தாங்கும்.

திரை மாறிவிட்டது. 'கூடம் ஏழு: குறைவு' என்று வந்திருக்கிறது. அதற்கடியில் மையத்தின் கேள்வி. 'காரணம் தெரிவிக்கவும். மனித மதிப்பீட்டாளர் வாசிப்பார்.'

ஆள் வாசிப்பார். ஒரு ஆள். இத்தனை நாள் நான் கேட்டது இதைத்தான். கூடம் மூன்று, கூடம் ஐந்து, அப்பா, அம்மாவின் இருமல், எல்லாம் நுனிவிரலில் நிற்கிறது. திரையில் எழுதும் கோடு துடிக்கிறது. ஆனால் பதிலும் சொல்தான். அதுவும் இந்த எண்ணில்தான் ஏறும். நள்ளிரவுக்குள் போன மாத எண்ணைத் தாண்டினால் 'உயர்வு'.

ஐயா, யாரோ, உங்களிடம் சொல்ல எனக்கு

இல்லை. கையை எடுக்கிறேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்காரப்போகி

கூடம் 7. தானியங்கிப் பதிவு. 23:41
செயல்பாடு: குறைவு. காரணம் தெரிவிக்கவும்.
பதில் வரவில்லை.

23:50
காரணம் தெரிவிக்கவும். பணியாளர் சுடலைமணி கூடத்தில் இருப்பதாகக் கதவு காட்டுகிறது.
பதில் வரவில்லை.

24:00
மாதம் முடிந்தது. ஊரின் சுட்டெண்: 46. நிவாரணக் கப்பல்: புறப்பட அனுமதி.

00:09
வெளிக்கதவு திறந்தது. ஊர்ப் பொறுப்பாளரின் தகடு.

00:10
கூடம் ஏழுக்கு மின்சாரம் நிறுத்தப்படுகிறது. பணியாளர் சுடலைமணியின் பெயர் நீக்கப்பட்டது.
குறைவுக்கான காரணம்: ஏதுமில்லை.